அயல்நாட்டுப் படையைப் போகச் சொல்ல எந்த வழி நல்லது? 2004 லெபனானை வைத்து ஒரு ஒப்பீடு

எங்கள் வாசிகசாலையில் உயர்தர அரசறிவியல் பிள்ளைகளைக் கொண்டு ஒரு மாதிரிப் பாதுகாப்புச் சபை நடத்த யோசித்திருக்கிறோம். பொருள் லெபனான், காலம் 2004 ஓகஸ்ட். சிரியப் படை லெபனானுக்குள் வந்து 28 வருடமாகிவிட்டது. ஏறத்தாழ 14,000 பேர் இன்னும் நிற்கிறார்கள். ஈராக் விடயத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் பிரான்சும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே பக்கம். படையை வெளியேற்ற எந்த வழியைப் பிடிப்பது என்று பிள்ளைகள் முடிவெடுக்க வேண்டும். அதற்கு உதவியாகத்தான் இந்தக் குறிப்பு.

"லெபனான் என்னத்துக்கு, எங்கட கதையே கிடக்குதே" என்று வாசிகசாலைப் பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். கிடக்கிறதுதான். ஆனால் அதை முதலில் எடுத்தால், இந்தியன் ஆமியை இலங்கையை விட்டு வெளியே அனுப்பியது பிரேமதாசாவா, புலிகளா, வி.பி.சிங்கா என்று அரை மணித்தியாலத்தில் கூட்டம் மூன்றாக உடைந்துவிடும். ஆகவே முதலில் லெபனான். எங்கட கதை பின்னால் தானாக வரும், வராமல் இருக்காது.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய முதல் விடயம், சிரியா கதவை உடைத்துக்கொண்டு வந்த படை அல்ல என்பது. உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு வருடம் கழித்து, 1976 ஜூனில், லெபனான் ஜனாதிபதியின் பக்கத்துக்கு ஆதரவாக உள்ளே வந்தது. அதே வருடம் அரபு லீக்கும் 'அரபுத் தடுப்புப் படை' என்ற பெயரில் அதற்குச் சம்மதம் கொடுத்தது. போரை முடித்த 1989 தாயிஃப் உடன்படிக்கையிலும், இரண்டு வருடத்துக்குள் கிழக்கே பெக்கா பள்ளத்தாக்குப் பக்கம் பின்வாங்குவது, மிச்சத்தை இரண்டு அரசுகளும் கூடிப் பேசி முடிப்பது என்றுதான் எழுதினார்கள். பேச வேண்டிய இரண்டு அரசில் ஒன்று மற்றதன் கைக்குள் இருந்தால் பேச்சு எப்படி முடியும்? அந்தக் கைதான் பெக்காவின் அன்ஜாரில் இருந்த சிரியப் புலனாய்வு அலுவலகம். பெய்ரூட்டில் யார் அமைச்சர், யார் நீதிபதி என்பதெல்லாம் அங்கே கேட்டுத்தான் நடந்தது.

எனவே 1990இல் ஈராக் குவைத்தைப் பிடித்ததை இதனுடன் ஒப்பிட முடியாது. அங்கே ஆக்கிரமிப்பு என்று ஒரே சொல்லில் முடிந்தது. இங்கே அழைப்புக் கடிதத்தோடு வந்து நிற்கும் படையிடம் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடுத்த நாளே பலாலியில் வந்திறங்கிய இந்தியப் படையும் அந்த வகைதான்.

இனி வழிகள். முதலாவது, பாதுகாப்புச் சபைத் தீர்மானம். செலவில்லாத வழி, அதனால்தான் எல்லாரும் முதலில் இதற்குள் கையை விடுவார்கள். இதன் பழைய கணக்கைப் பார்த்தால் நம்பிக்கை வராது. தெற்கு லெபனானிலிருந்து இஸ்ரேல் வெளியேற வேண்டும் என்ற 425ஆம் தீர்மானம் நிறைவேறியது 1978 மார்ச்சில். இஸ்ரேல் போனது 2000 மே மாதத்தில். 22 வருடம்! அதுவும் தீர்மானத்துக்குப் பயந்து போகவில்லை. லெபனான் ஷியாக்களின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் அடியும், பிள்ளைகளைப் படையில் வைத்திருந்த இஸ்ரேலியத் தாய்மாரின் போராட்டமும் சேர்ந்து தள்ளியது. சைப்ரஸ் இன்னும் மோசம். துருக்கிப் படை இறங்கிய அன்றைக்கே, 1974 ஜூலை 20இல், 353ஆம் தீர்மானம் வந்தது. இன்றைக்கும் படை அங்கேயே நிற்கிறது.

ஆனால் 2004 செப்டெம்பர் 2இல் வந்த 1559ஆம் தீர்மானத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 15 பேர் சபையில் ஆதரவு 9, எதிர்ப்பு இல்லை, 6 பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். நிறைவேறக் குறைந்தது 9 வேண்டும். ஒன்று குறைந்திருந்தால் கதை முடிந்தது. ஒதுங்கிய ஆறில் ரஷ்யாவும் சீனாவும் உண்டு. அரபுலகின் பக்கம் அன்று சபையில் இருந்த அல்ஜீரியாவும் உண்டு. வாசகத்தை எடுத்துப் பாருங்கள்: 'எஞ்சியுள்ள எல்லா அந்நியப் படைகளும்' லெபனானை விட்டு வெளியேற வேண்டும் என்கிறது. சிரியா என்ற பெயர் படைகளைப் பற்றிய அந்த வரியில் கிடையாது. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்; ஆனாலும் பெயரைச் சொல்லாமல் விட்டதால் டமாஸ்கஸ் ஒரு நாள் மரியாதையோடு எழும்பிப் போக இடம் மிஞ்சியது.

அடுத்த நாளே லெபனான் பாராளுமன்றம் தீர்மானத்தின் முகத்தில் அறைந்த மாதிரி, சிரியாவின் ஆளான ஜனாதிபதி லஹூதின் பதவிக்காலத்தை மூன்று வருடம் நீட்டியது. 96க்கு 29. அன்றைக்குப் பார்த்தால் பாரிசும் வாஷிங்டனும் தோற்றுவிட்டன என்றுதான் எழுதியிருப்போம்.

இரண்டாவது வழி பொருளாதாரத் தடை. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2003 டிசம்பரில் அமெரிக்கா சிரியாவுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, 2004 மே மாதம் உணவும் மருந்தும் தவிர்ந்த ஏற்றுமதியை நிறுத்தியது. இரண்டு நாட்டுக்குமிடையில் வியாபாரமே சொற்பம்; நிறுத்தி என்ன? இல்லாத கடையைப் பூட்டுவதால் யாருக்கும் வலிக்காது. சைப்ரஸுக்காகத் துருக்கி மீது அமெரிக்கா 1975 முதல் 1978 வரை போட்ட ஆயுதத் தடையும் அப்படித்தான் முடிந்தது: படை அசையவில்லை, துருக்கி திருப்பித் தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களின் வேலையை நிறுத்தியது. ஐரோப்பாவிடம் மட்டும் உருப்படியான ஒரு பிடி இருந்தது. சிரியாவுடன் பேசி முடித்த கூட்டுறவு உடன்படிக்கையைக் கையெழுத்திடாமல் இழுத்து வைத்திருந்தார்கள். சத்தமில்லாத பிடி, ஆனால் தடையைவிட உறைப்பானது.

மூன்றாவது வழி, அயல்நாடுகள் கூட்டணி கட்டி நெருக்குவது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். 1967இல் பாங்கொக்கில் ஆசியானைத் தொடக்கிக் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையை அனுப்பி, இரண்டு கிழமைக்குள் நொம் பென்னைப் பிடித்துத் தனக்கு வேண்டியவர்களை ஆட்சியில் இருத்தியபோது அந்தக் கதிரையில் இருந்தவர் அவர்தான்.

ஆசியான் அப்போது ஐந்தே நாடு. வியட்நாமுடன் சண்டை பிடிக்கிற பலம் ஒன்றுக்கும் இல்லை. ஆகவே அவர்கள் பிடித்தது விடாப்பிடியான இராஜதந்திரம். 1979 நவம்பரில் ஐநா பொதுச்சபையில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 91 நாடுகளைச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் மறுபடி, அதற்கடுத்த வருடம் மறுபடி. கம்போடியாவின் ஐநா ஆசனம் புதிய அரசுக்குப் போகாமல் தடுத்தார்கள். உதவியும் கடனும் வியட்நாமின் பக்கம் போகாமல் மேற்கு நாடுகளையும் ஜப்பானையும் பிடித்து வைத்தார்கள். வியட்நாமின் முழுப் பாரமும் சோவியத்தின் தலையில் ஏறியது. கோர்பச்சேவ் வந்து அந்தப் பாரத்தை இறக்கி வைக்கத் தொடங்கியதும், 1989 செப்டெம்பரில் படை வெளியேறியது. கிட்டத்தட்ட 11 வருடம்.

இந்த வழியைப் புகழுகிறவர்கள் ஒன்றை மெல்லமாகத்தான் சொல்வார்கள். ஆசியான் காப்பாற்றி வைத்த அந்த ஐநா ஆசனத்தில் இருந்தது பொல் பொட்டின் ஆட்கள். 15 முதல் 20 இலட்சம் சொந்தச் சனத்தின் சாவுக்குக் காரணமானவர்கள். அவர்களிடமிருந்து கம்போடியரை மீட்டதே வியட்நாம் படைதான். "ஒரு பெரிய நாடு பக்கத்து நாட்டின் அரசை மாற்றுவதை இன்று விட்டால் நாளைக்கு எங்கள் வாசலுக்கு வரும்" என்பது ஆசியானின் நியாயம். சிறிய நாட்டுக்காரருக்கு அது விளங்கும், எனக்கும் விளங்கும். ஆனாலும் அந்த விலையைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மாதிரிச் சபையில் இந்த வழியைத் தெரிகிறவர், பொல் பொட்டைப் பற்றிக் கேட்டால் வேறு பக்கம் பார்க்கக் கூடாது.

லெபனானுக்கு இது பொருந்துமா? லெபனானின் தரை எல்லையில் இருப்பதே இரண்டு நாடு: ஒன்று சிரியா, மற்றது இஸ்ரேல். 'அயலவர் கூட்டணி' என்று ஒன்றைக் கட்ட வெளிப்படையாக ஆளில்லை. அரபு லீக் ஓர் அரபு நாட்டுக்கு எதிராக மேடையில் ஏறாது. ஆனால் சவூதியின் ரியாத்திலும் எகிப்தின் கெய்ரோவிலும் கதவை மூடிவிட்டுப் பேசலாம். இதை மனதில் வைத்திருங்கள்.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, காலஅட்டவணையும் பிணை நிற்பவர்களும் போட்டு முடிக்கிற உடன்படிக்கை. ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படையை எடுக்கச் செய்த 1988 ஏப்ரல் 14 ஜெனீவா உடன்படிக்கை இதற்கு நல்ல உதாரணம். ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் கையெழுத்து, அமெரிக்காவும் சோவியத்தும் பிணை. மே 15 தொடக்கம், முதல் மூன்று மாதத்தில் பாதிப் படை, 1989 பெப்ரவரி 15இல் முழுவதும். ஒரு இலட்சம் வரையான படை அட்டவணை பிசகாமல் போனது. 1988 டிசம்பரில் நியூயோர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையில் அங்கோலாவிலிருந்து 50,000 கியூபப் படையினருக்கு 27 மாதம் கொடுத்தார்கள். அவர்கள் தவணைக்கு முன்னரே, 1991 மே மாதம் போய்விட்டார்கள். அதற்கு ஈடாக தென்னாபிரிக்கா நமீபியாவை விட்டது.

கடதாசியில் இதைவிட ஒழுங்கான வழி இல்லை. படை போன விதத்திலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜெனீவாவில் சோவியத் படையோடு சண்டை பிடித்த முஜாஹிதீன்கள் கையெழுத்திடவில்லை, இரண்டு வல்லரசும் ஆயுதம் அனுப்புவதை நிறுத்தவில்லை. 1992 ஏப்ரலில் சோவியத் ஆதரவில் இருந்த ஆப்கான் ஜனாதிபதி நஜிபுல்லா விழுந்தார்; காபூல் அதற்குப் பிறகுதான் இடிந்தது. அங்கோலாவிலும் போர் 2002 வரை இழுபட்டது.

லெபனானில் இந்த வழியைப் பிடித்தால் இன்னொரு சிக்கல். சிரியாவோடு பொதி கட்டப் போனால், அவர்கள் பொதிக்குள் முதலில் வைப்பது, 1967இல் இஸ்ரேல் பிடித்துக்கொண்ட கோலான் குன்றுகளைத்தான். 2000 மார்ச்சில் கிளின்டனும் சிரிய ஜனாதிபதி ஹாஃபிஸ் அல் அசாத்தும் ஜெனீவாவில் சந்தித்து அதைப் பேசியே பேச்சு முறிந்தது. கோலான் தீரும் வரை லெபனான் காத்திருக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே 2004இல் இந்த வழியை நான் தள்ளிவிடுவேன்.

ஐந்தாவது, வீட்டுக்காரரே எழும்பி 'போ' என்று சொல்வது. இதில்தான் எங்கட கதை.

1989 ஜனவரியில் ஜனாதிபதியான பிரேமதாசா, ஜூன் 1ஆம் திகதி பொதுக்கூட்டத்தில் வைத்து, ஜூலை 29க்குள் இந்தியப் படை போக வேண்டும் என்றார். ஒப்பந்தத்தின் இரண்டாம் வருட நிறைவு நாள் அது. பக்கத்தில் ஒரு கூட்டாளி நாடும் கிடையாது. சார்க் சாசனத்தின் பத்தாம் உறுப்புரையோ இரு நாட்டுப் பிணக்குகளைச் சபையில் பேசவே கூடாது என்கிறது. கொழும்பிடம் கையில் இருந்த ஒரே ஆயுதம் அடம்தான். அந்த வருடம் கொழும்பில் நடக்க வேண்டிய சார்க் உச்சிமாநாடு நடக்கவில்லை; அடுத்த மாநாடு 1990 நவம்பரில் மாலேயில் கூடியது. செப்டெம்பர் 18இல் ஒரு கூட்டறிக்கை வந்தது, டிசம்பர் 31க்குள் போவதாக. அதுவும் தவறியது. டெல்லியில் ஆட்சி மாறி வி.பி.சிங் வந்த பிறகு, 1990 மார்ச் 24இல் கடைசித் தொகுதி திருகோணமலையில் கப்பலேறியது. 'போ' என்றதிலிருந்து ஏறத்தாழப் பத்து மாதம். இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் சனத்தின் கணக்கை யார் எடுத்தார்கள்?

படை போனதற்காக யாழ்ப்பாணத்தில் அழுதவர்கள் குறைவு. சந்திக்குச் சந்தி மண்மூட்டை சென்றி, சுற்றிவளைப்பு, வெயிலில் வரிசை, முன்னால் சாக்கு மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி. அவன் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துக்கொண்டு நின்ற காலம் அது. ஆனால் போகிற படைக்கும் மிஞ்சுகிற சனத்துக்கும் இடையில் என்ன நடக்கும் என்று எந்தக் கடதாசியிலும் எழுதியிருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவென்று வடக்கு-கிழக்கு மாகாண அரசின் பெயரில் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்றைக் கட்டினார்கள். றோட்டில் போன பெடியளை, ரியூஷனுக்குப் போன பெடியளைப் பிடித்து ஏற்றினார்கள். 'பிள்ளைபிடி' என்று ஊரே கதவைப் பூட்டிக்கொண்டது. இந்தியப் படை நகர நகர அந்த இராணுவம் கலைந்தது. கொடுத்த துவக்குகள் புலிகளின் கைக்குப் போயின. முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்குப் போனார். ஜூன் 11இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிவிட்டது. கப்பல் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எனவே இந்த ஐந்தாவது வழி வேகமானது, மானமுள்ளது, ஆனால் தனியாகச் செய்தால் போகிற படையை எண்ணிப் பார்ப்பதற்கும் ஆளில்லை, பிணைக்கும் ஆளில்லை. 2004 லெபனானில் அது கிடைக்கவும் கிடைக்காது. வீட்டுக்காரரின் வாய் டமாஸ்கஸின் கையில்.

அப்படியானால் 2005இல் படை எப்படிப் போனது? பெப்ரவரி 14இல் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி பெய்ரூட் கடற்கரை வீதியில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். ஒரு கிழமைக்குள் புஷ்ஷும் ஷிராக்கும் பிரசல்ஸில் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். பெப்ரவரி 28இல் பிரதமர் கராமி பதவி விலகினார். புதிதாக ஒரு தீர்மானம் எழுதவோ, ஒன்பது கை தேடவோ நேரம் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. 1559 இலாச்சியில் தயாராக இருந்தது, அதற்கான ஐநா தூதர் றோட்-லார்சனும் இருந்தார். மார்ச் 3இல் சிரிய ஜனாதிபதி பஷார் அல் அசாத் ரியாத் போனபோது சவூதியின் முடிக்குரிய இளவரசர் அப்துல்லா நேரே 'படையை எடு' என்று சொல்லிவிட்டார். ஹரீரி சவூதிக் குடியுரிமையும் உள்ளவர், அரச குடும்பத்துக்கு வேண்டியவர். வாக்கெடுப்பில் ஒதுங்கிய மொஸ்கோவும் போகத்தான் வேண்டும் என்றது. மார்ச் 5இல் பஷார் பாராளுமன்றத்தில், முதலில் பெக்காவுக்கு, பிறகு எல்லைக்கு என்று அறிவித்தார். தாயிஃபையும் 1559ஐயும் நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு. மார்ச் 8இல் ஹிஸ்புல்லா சிரியாவுக்கு நன்றி சொல்லிப் பெருங்கூட்டம் சேர்த்தது. 14இல் அதைவிடப் பெரிய எதிர்க்கூட்டம். ஏப்ரல் 26இல் கடைசிப் படை எல்லை தாண்டியது.

அதற்குப் பிறகு ஐநா ஒரு சரிபார்ப்புக் குழுவை அனுப்பி, முகாம் முகாமாகப் பார்த்தது. டெய்ர் அல் அஷாயிர் என்ற கிராமத்தருகே மட்டும் ஒரு சிரியப் பட்டாலியன் நின்றது. அந்த இடம் எந்த நாட்டுக்குரியது என்பதே தெளிவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். எனக்கு இந்த வரி பிடிக்கும். ஒரு கிராமத்தைக்கூட விடாமல் யாரோ போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படி எழுத ஒருவரும் வரவில்லை.

என் தெரிவு இதுதான்: தீர்மானமும், மறுக்க முடியாத உறவுக்காரரின் வாய்ச்சொல்லும். இரண்டும் சேர்ந்து. பாரிசும் வாஷிங்டனும் நூறு தடவை சொன்னாலும் டமாஸ்கஸ் அதை எதிரியின் பேச்சு என்று தள்ளிவிடும். ரியாத் ஒரு தடவை சொன்னால் தள்ள முடியாது. ஆகவே 2004 ஓகஸ்டில் நான் ஆலோசகராக இருந்தால், நியூயோர்க்குக்கு ஆளனுப்பும் அதே நாளில் ரியாத்துக்கும் அனுப்பியிருப்பேன். இன்னொன்றையும் மாற்றியிருப்பேன்: 1559இல் அந்நியப் படை வெளியேற்றத்தோடு ஆயுதக் குழுக்களைக் கலைப்பதையும் சேர்த்துக் கட்டினார்கள். முதலாவது எட்டு மாதத்தில் நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை, அதைக் காட்டியே லெபனான் ஷியாக்களில் பெரும்பகுதி முழுத் தீர்மானத்தையும் தங்களுக்கு எதிரானதாகப் பார்த்தது. இரண்டையும் பிரித்து, முதலாவதைத் தாயிஃபின் மிச்ச வேலை என்றே எழுதியிருக்கலாம்.

இதற்கு ஒரு பலத்த மறுப்பு உண்டு: ஹரீரி கொல்லப்படாமல் விட்டிருந்தால் 1559 இலாச்சியிலேயே கிடந்திருக்காதா? கிடந்திருக்கக்கூடும். ரியாத்தும் அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்காது. ஒரு கொலையை நம்பித் திட்டம் போட முடியாதுதான். ஆனால் மற்ற நான்கு வழியும் அந்தக் கொலை நடந்த பிறகுகூட இரண்டு மாதத்தில் படையை எடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசியான் மாதிரிப் பத்து வருடம் இழுக்கத் தயாரென்றால் மூன்றாவது வழியையும் ஏற்றுக்கொள்வேன். அதற்கு வெள்ளை மாளிகையில் மூன்று தேர்தலைத் தாண்டியும் அதே நிலைப்பாடு நிற்க வேண்டும். சிரியாவின் இடத்தில் உதவிப் பணத்திலேயே ஓடுகிற ஒரு நாடு இருந்தால் இரண்டாவது வழி முன்னுக்கு வரும்.

இனி அமர்வுக்கு மிஞ்சியிருப்பது சிரியாவின் கதிரையில் யாரை இருத்துவது என்பதுதான். நல்ல வாய்க்காரப் பிள்ளையாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் சும்மா வெல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: எங்களைக் கூப்பிட்டது லெபனான்தானே? சம்மதம் தந்தது அரபு லீக்தானே? எங்கள் கோலானில் நிற்கும் படையைப் பற்றி உங்களுக்கு ஏன் இந்த அவசரம் இல்லை? பிரான்சின் கதிரையில் இருப்பவர் முதல் இரண்டுக்கும் தாயிஃபைக் காட்டித் தப்பலாம். மூன்றாவதுக்கு 242ஆம், 497ஆம் தீர்மானங்களை வாசித்துவிட்டு வரட்டும்.